நிழற்படம் காத்த செடிச் செல்வம்

காட்டிலும் மேட்டிலும் கழனியிலும் கடற்கரையிலும் தோன்றும் செடிகொடிகள் எண்ணில்லாதன. அவற்றுள் ஒவ்வொன்றையும் மற்றொன்றினின்றும் பிரித்தறிந்து பெயரிட்டு வழங்குதல் தாவர அறிவின் தொடக்கமாகும். ஆயினும், பெயர் ஒன்றே போதுமோ எனின், போதாது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்கள் அடுக்கி உரைக்கப்பெற்றுள்ளன. அவற்றுள் காந்தள், முல்லை, தாமரை, வேங்கை போன்றவற்றை இன்றும் மக்கள் ஐயமின்றி அறிவர். வேறு சிலவற்றையோ இன்ன செடியின் மலர் என்று அறுதியிட்டுரைக்க இயலாமல் ஆராய்ச்சியாளர் தம்முள் மாறுபடுகின்றனர். புலவர் கண்ட மலர் இதுவே என்று காட்டுதற்கு அம்மலரின் இதழொன்றேனும் எஞ்சவில்லை. சொல் நின்றது, சொல் சுட்டிய பொருள் மறைந்தது.

இக்குறை நேராவண்ணம் காத்தற்கு மேலைநாட்டார் ஒரு முறை கண்டனர். செடியின் கிளையொன்றை இலையும் பூவும் காயுமாகக் கொய்து, தாள்களினிடையே வைத்து அழுத்தி, ஈரம் அறவே போகும்படி உலர்த்தி, தடித்த தாளொன்றில் ஒட்டி வைப்பது அம்முறை. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டின் பொலோனா, பீசா ஆகிய நகரங்களில் மருந்துச் செடிகளைப் பற்றிக் கற்பித்த லூக்கா கீனி என்பார் இம்முறையைப் பரப்பிய முன்னோடியாகக் கருதப்படுகின்றார். இவ்வாறு உலர்த்திய மாதிரிகளைத் திரட்டி வைக்கும் இடத்தை ஹெர்பேரியம் என்பர். தமிழில் உலர்தாவரக் களஞ்சியம் எனலாம். இன்று உலகெங்கும் 3,000க்கு மேற்பட்ட களஞ்சியங்கள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ 40 கோடி மாதிரிகள் உறங்குகின்றன.

உலர்மாதிரி ஒட்டப்பெற்ற தாளின் ஒரு மூலையில் சிறு குறிப்புச்சீட்டு ஒன்று காணப்படும். செடியின் பெயர், அது வளர்ந்த இடம், கொய்த நாள், கொய்தவர் பெயர், அவர் அதற்கு இட்ட எண் ஆகியன அச்சீட்டில் எழுதப்பட்டிருக்கும். இச்சீட்டு இல்லையேல் அம்மாதிரி வெறும் சருகே. செடி உடல் என்றால் சீட்டு அதன் உயிர் என்று கூறினும் மிகையாகாது.

மாதிரிகளுள் தலைசிறந்தது மூலமாதிரி எனப்படும். புதிய செடியொன்றுக்கு முதன்முதல் பெயரிடும் அறிஞர், தாம் இடும் பெயர் எந்த மாதிரியைக் குறிக்கும் என்று ஒன்றைச் சுட்டிவைப்பார். அதுவே மூலமாதிரி. பிற்காலத்தில், 'இச்செடி அதுதானா?' என்று எவர்க்கேனும் ஐயம் எழுமாயின், அம்மூலமாதிரியோடு ஒப்பிட்டே ஐயம் தெளிதல் வேண்டும். அளவைக்குப் படிக்கல் எப்படியோ, செடியின் பெயர்க்கு மூலமாதிரி அப்படி. அது தொலைந்தால், அப்பெயர் குறிஞ்சிப்பாட்டின் ஐயமலர்போல் அலையத் தொடங்கும்.

களஞ்சியத்துக்கு நேரில் செல்ல இயலாதார் மாதிரியைக் காண்பது எங்ஙனம்? ஒளிப்படக் கருவி பரவுதற்கு முன்னர் ஓவியர் கையே இதற்குத் துணைநின்றது. சென்னை மாநிலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகப் பணியாற்றிய ராபர்ட் வைட் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், 1838 முதல் 1853 வரை தென்னிந்தியச் செடிகளின் ஓவியங்களைப் பல தொகுதிகளாக வெளியிட்டார். அந்நூலில் 2,101 ஓவியத் தாள்கள் உள்ளன. அவர்க்காகச் செடிகளை வரைந்தோருள் ரங்கையா, கோவிந்து என்னும் இந்நாட்டு ஓவியர் இருவர் குறிப்பிடத்தக்கவர். கோவிந்துவின் திறத்தை மெச்சிய வைட், ஆர்க்கிட் இனம் ஒன்றுக்கு அவர் பெயரையே இட்டார். ஓவியம் அழகியது, ஆனால் அதனை வரைய நாளும் உழைப்பும் மிகுதியாக வேண்டும். பல்லாயிரம் மாதிரிகளை வரைந்து முடித்தல் ஒருவர் வாழ்நாளில் ஆவதன்று.

இந்நிலையில்தான் ஒளிப்படக் கருவி செடிநூலார்க்கு உதவ வந்தது. அதன் பயனை உலகம் உணர்ந்த வரலாறு மிக்க துயரமும் வியப்பும் உடையது.

அமெரிக்க நாட்டின் சிக்காகோ நகரிலுள்ள ஃபீல்டு அருங்காட்சியகத்தில் பிரான்சிஸ் மாக்பிரைடு என்னும் தாவரநூலறிஞர் பணியாற்றினார். அவர் தென்னமெரிக்காவிலுள்ள பெரு நாட்டின் செடிகளை ஆராய்ந்துவந்தார். அச்செடிகள் பெருவில் வளர்வன. ஆராய்வோரோ சிக்காகோவில் இருந்தனர். அவற்றின் மூலமாதிரிகள் பலவோ ஐரோப்பியக் களஞ்சியங்களில் இருந்தன. ஐயம் எழுந்தபொழுதெல்லாம் கடல் கடந்து செல்லுதல் ஆகுமோ? ஆதலின், மூலமாதிரிகளைப் படமெடுத்துச் சிக்காகோவுக்குக் கொணர்வது என்று முடிவுசெய்யப்பட்டது. 1929ஆம் ஆண்டில் மாக்பிரைடு ஜெர்மனியின் தலைநகராகிய பெர்லினை அடைந்தார். அந்நகரைச் சார்ந்த டாலெம் என்னுமிடத்தில் உலகப் புகழ்பெற்ற களஞ்சியம் ஒன்று இருந்தது. அங்கே அவர் ஒவ்வொரு தாளாக எடுத்துவைத்துப் படம்பிடித்தார். பின்னர் ஜெனீவா, வியன்னா முதலிய பிற நகரங்களின் களஞ்சியங்களிலும் அப்பணி தொடர்ந்தது. 1939ஆம் ஆண்டுவரை, பத்தாண்டுக் காலத்தில், 40,000க்கு மேற்பட்ட படங்கள் எடுக்கப்பட்டன. ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் இடப்பட்டது. படங்களின் படிகள் வேண்டிய நிறுவனங்களுக்கு அளிக்கப்பட்டன.

அவர் செய்த பணி புகழ்தேடும் பணியன்று. புதிய நாடு கண்டவரை உலகம் பாராட்டும்; புதிய செடி கண்டவரையும் பாராட்டும். பிறர் கண்ட செடியைத் தாள்தோறும் படமெடுத்து எண்ணிடுபவரை யார் பாராட்டுவர்? தம் ஆராய்ச்சிக்கும் பிறர் ஆராய்ச்சிக்கும் எளிமை உண்டாகவேண்டும் என்பதே அவர் கருத்து. வரவிருந்த பேரிடரை அவர் எண்ணிப் பார்த்திருக்க இயலாது.

இரண்டாம் உலகப்போர் மூண்டது. 1943ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள் இரவு பெர்லின்மீது வானூர்திகள் குண்டு பொழிந்தன. டாலெம் களஞ்சியம் தீப்பற்றி எரிந்தது. அங்கிருந்த ஏறத்தாழ 40 இலட்சம் மாதிரிகளுள் பெரும்பகுதி ஓரிரவில் சாம்பலாயிற்று. பல அறிஞர் பல கண்டங்களில் மலையேறியும் காடு புகுந்தும் திரட்டிய செல்வம் அது. ஆயிரக்கணக்கான செடிப்பெயர்கள் தம் மூலமாதிரியை இழந்தன.

அழிந்த மூலமாதிரிகளுள் பலவற்றின் உருவத்தைக் காட்ட மாக்பிரைடின் படங்களே எஞ்சின. இலையின் வடிவம், நரம்பின் ஓட்டம், பூங்கொத்தின் அமைப்பு ஆகியவற்றை அப்படங்களில் காணலாம். அவற்றினும் பயனுடையது, தாளின் மூலையிலுள்ள குறிப்புச்சீட்டும் படத்தில் விழுந்திருந்ததேயாம். அச்சீட்டில், கொய்தவர் பெயரும் அவர் இட்ட எண்ணும் தெரிந்தன. செடிநூலார் ஒரே செடியில் பல கிளைகளைக் கொய்து, ஒரே எண்ணிட்டு, பல களஞ்சியங்களுக்கு அனுப்புதல் வழக்கம். ஆகவே படத்திலிருந்த எண்ணைக்கொண்டு, அதே எண்ணுடைய உடன்பிறப்பு மாதிரிகளைப் பிற நகரங்களில் தேடிக் காணவும், அவற்றுள் ஒன்றை அழிந்ததன் இடத்தில் அமர்த்தவும் வழி பிறந்தது. கிளையின் படம் செடியைக் காட்டியது. சீட்டின் படம் செல்லும் வழியைக் காட்டியது.

மாக்பிரைடின் வரலாற்றினின்றும் மூன்று உண்மைகள் விளங்கும். முதலாவது, படம் இடர்வருமுன் எடுக்கப்படவேண்டும். இரண்டாவது, படத்தோடு எண்ணும் குறிப்பும் பிரியாமல் நிற்கவேண்டும். மூன்றாவது, படியானது பல இடங்களில் இருத்தல்வேண்டும். இம்மூன்றும் இன்றைய கணினிக் காலத்திலும் மாறாதன.

இன்று களஞ்சியங்கள் தம் மாதிரிகளை மின்னணுப் படங்களாக்கி, இணையத்தில் தரவுத்தளங்களாக அமைத்து வருகின்றன. பாரிசு நகரத் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பல இலட்சம் மாதிரிகளைப் படமாக்கியுள்ளது. டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு 2001ஆம் ஆண்டில் தோன்றிய உலகப் பல்லுயிர்த் தகவல் அமைப்பு, பல நாட்டுத் தரவுகளை ஒருங்கே காணுமாறு இணைக்கின்றது. இந்தியத் தாவர ஆய்வுத்துறையும் தன் களஞ்சியங்களிலுள்ள மாதிரிகளின் படங்களை 2022ஆம் ஆண்டில் தொடங்கிய மெய்நிகர்க் களஞ்சியத்தின் வாயிலாக வெளியிடுகின்றது. 1853ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றி, 1909இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்ட களஞ்சியம் அத்துறையைச் சேர்ந்ததே.

ஒரு மாதிரி இணையத்தை அடையும் முறை இது. முதலில், தாளில் பட்டைக்குறியீடு அமைந்த சிறு சீட்டொன்று ஒட்டப்படும். அக்குறியீட்டிலுள்ள எண் அம்மாதிரிக்கே உரியது, வேறெதற்கும் வாராது. அடுத்து, தாளின்மேல் ஓர் அளவுகோலும் நிற அட்டையும் வைக்கப்படும். அளவுகோல் இலையின் நீள அகலத்தை உள்ளவாறு அறியவும், நிற அட்டை படத்தின் நிறம் திரிந்துள்ளதா என்று சோதிக்கவும் உதவும். பின்னர், மேலிருந்து நேராக நோக்கும் கருவியால், ஒளி எங்கும் ஒருசீராக விழப் படம் எடுக்கப்படும். இறுதியில் சீட்டிலுள்ள செய்திகளைப் படித்துத் தரவுத்தளத்தில் பதிவர்.

படம் எடுத்தல் எளிது; எடுத்த படத்தைப் பேணுதல் அரிது. பத்துப் படங்களை எவரும் நினைவில் வைக்கலாம். பத்து இலட்சம் படங்களை நினைவில் வைப்பார் இலர். ஆதலின், ஒழுங்கான விதிகள் வேண்டப்படுகின்றன.

படக்கோப்புக்கு எப்பெயர் இடுவது என்பது முதல் வினா. செடியின் பெயரையே இட்டால் என்ன என்று தோன்றும். அது தவறு. செடியின் பெயர் ஆராய்ச்சியால் மாறக்கூடியது. இன்று ஓர் இனமாகக் கருதப்படுவது நாளை இரண்டாகப் பிரிக்கப்படலாம். முன்னோர் பிழையாக இட்ட பெயரைப் பின்னோர் திருத்தலாம். பெயர் மாறுந்தோறும் கோப்பின் பெயரையும் மாற்றினால், அக்கோப்பைச் சுட்டிய இணைப்புகளெல்லாம் அறுந்துபோம். எண்ணோ மாறுவதில்லை. ஆகவே பட்டைக்குறியீட்டு எண்ணே படத்தின் பெயராக அமைதல் முறை. செடியின் பெயர் தரவுத்தளத்துப் பதிவில் இருக்கும். அங்கே வேண்டியபொழுது திருத்திக்கொள்ளலாம்.

பழைய செய்தியை அழியாதிருத்தல் அடுத்த விதி. களஞ்சியத்தில் ஓர் அறிஞர் மாதிரியின் பெயரைத் திருத்த விரும்பினால், பழைய சீட்டைக் கிழித்தெறிவதில்லை. புதிய பெயரும் தம் பெயரும் நாளும் எழுதிய வேறு சீட்டை அருகில் ஒட்டுவார். பழையதும் புதியதும் ஒருங்கே நிற்கும். தரவுத்தளத்திலும் அவ்வாறே முன்னைப் பெயரும் திருத்தியவர் பெயரும் நாளும் தங்கவேண்டும். மாதிரியை மீண்டும் படமெடுப்பின், முன்னைப் படத்தையும் காத்தல் நலம். இடைக்காலத்தில் உதிர்ந்த மலரொன்று அதில் இருக்கக்கூடும்.

மேலும், ஒவ்வொரு படத்துக்கும் இருவகைக் கோப்புகள் வைக்கப்படும். ஒன்று முதற்படம், அது நுணுக்கம் குறையாதது, அளவிற் பெரியது, எவரும் மாற்றலாகாதது. மற்றொன்று அதினின்றும் ஆக்கிய சிறுபடம்; இணையத்தில் விரைந்து காண்பதற்கு உரியது. சிறுபடத்தினின்றும் முதற்படத்தை மீட்டல் இயலாது. எனவே சிறுபடம் உண்டென்று முதற்படத்தைக் கைவிடுவார், நெல் குத்திய அரிசி கையிலிருக்கிறது என்று விதைநெல்லை எறிந்தாரோடு ஒப்பர்.

உலர்மாதிரியின் படம் ஒருவகை. உயிருள்ள செடியை அது நிற்கும் இடத்திலேயே எடுத்த களப்படம் மற்றொரு வகை. உலர்ந்தபின் மலரின் நிறம் மங்கும், மரத்தின் உயரமும் பட்டையின் தன்மையும் தாளில் அடங்கா. இவற்றைக் களப்படம் காட்டும். அச்செடி பாறையிடுக்கில் வளர்ந்ததா, ஓடைக்கரையில் வளர்ந்ததா என்பதையும் அது காட்டும். ஆயினும் களப்படத்தில் மலரைப் பிளந்து சூலறைகளை எண்ணிப் பார்க்க இயலாது. இலையடியின் நுண்மயிரை உருப்பெருக்கியால் நோக்க இயலாது. அதற்கு உலர்மாதிரியே வேண்டும். எனவே இரண்டும் ஒன்றற்கொன்று துணையேயன்றி, ஒன்று மற்றொன்றின் இடத்தைக் கொள்வதன்று. தரவுத்தளங்களும் பாதுகாத்த மாதிரி என்றும் கண்ணாற் கண்ட பதிவு என்றும் இவற்றைப் பிரித்தே குறிக்கின்றன.

களப்படத்தை உரிய மாதிரியோடு இணைத்தலிலேதான் பிழை மிகுதியும் நேர்கின்றது. காட்டில் ஒரு நாளில் ஐம்பது செடிகளைக் கொய்து இருநூறு படங்களை எடுப்பவர், இரவில் விளக்கடியில் அமர்ந்து, 'இம்மலர் எந்த எண்ணுக்கு உரியது?' என்று மயங்குவர். மயங்கி அருகில் நின்ற வேறு செடியின் படத்தை இணைத்துவிட்டால், அப்பிழை இணையத்தின் வழியே உலகெங்கும் செல்லும். படமில்லாத பதிவு குறையுடையது. பிழைபட்ட படமுடைய பதிவோ கேடுடையது. முன்னது ஒன்றும் கூறாது. பின்னது பொய் கூறும். ஆதலின் தேர்ந்த களப்பணியாளர் ஒரு செடியைப் படமெடுக்குமுன், அதன் எண்ணை ஒரு சீட்டில் எழுதி, முதலில் அச்சீட்டைப் படமெடுப்பர். பிறகே செடியை எடுப்பர். கருவியிலுள்ள கடிகாரம் சரியான நாளையும் நேரத்தையும் காட்டுகின்றதா என்று முன்னரே பார்த்துக்கொள்வர். இது சிறு செயலே. இதனால் நீங்கும் இடரோ பெரிது.

படத்தை வெளியிடுவதிலும் அறம் உண்டு. படம் எடுத்தவர் யார், அதனைப் பிறர் எவ்வாறு பயன்படுத்தலாம் என்பவற்றைப் பதிவில் குறித்தல் வேண்டும். பிறர் உழைப்பைத் தம்மதாகக் காட்டுதல் களவாகும். மற்றுமொன்று, எல்லாவற்றையும் எல்லார்க்கும் காட்டுதலும் தகாது. அகத்தியமலைப் பகுதிக்கே உரிய பாபியோபெடிலம் துரூரி என்னும் ஆர்க்கிட், அழகிய மஞ்சள் மலரை உடையது. அவ்வழகே அதற்குப் பகையாயிற்று. விற்பனைக்காகப் பலர் அதனை வேரொடு பறித்தமையால் அஃது அருகி, அழிவின் விளிம்பை அடைந்தது. இத்தகைய செடியின் களப்படத்தோடு அது நிற்கும் இடத்தையும் நுணுக்கமாக வெளியிட்டால், கள்வர்க்கு வழிகாட்டியதாக முடியும். இன்றைய கருவிகள் படத்தினுள்ளேயே இடக்குறிப்பைப் பதிந்துவிடும். ஆதலின், அருகிய செடிகளின் சரியான இடத்தை ஆராய்ச்சியாளர்க்கு மட்டும் காட்டி, பொதுமக்கள் காணும் பக்கத்தில் மறைத்தோ பரந்த எல்லையாகக் குறித்தோ வெளியிடுதல் வழக்கம்.

மின்னணுப் படம் அழியாதது என்று கருதுவார் உளர். அதுவும் உண்மையன்று. ஓலையைச் செல் அரிப்பதுபோலவும் தாளைத் தீ எரிப்பதுபோலவும், கணினித் தட்டையும் காலம் பழுதாக்கும். இன்றைய கோப்பு வடிவை நாளைய கணினி படிக்க மறுக்கலாம். இணைய முகவரி மாறினால் படமிருந்தும் காண்பார்க்கு இல்லையாகும். ஏடுகளைப் பெயர்த்தெழுதிக் காத்த நம் முன்னோர்போல, படங்களையும் காலந்தோறும் புதிய தட்டுகளுக்குப் படியெடுத்து, ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களில் வைத்துக் காத்தல் வேண்டும்.

இவ்வளவு உழைப்பும் வேண்டுமோ எனின், 2018ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 2ஆம் நாள் நிகழ்ந்ததை எண்ணிப் பார்க்கலாம். அன்று பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனீரோ நகரிலிருந்த தேசிய அருங்காட்சியகம் தீக்கு இரையாயிற்று. பூச்சிகள் முதலியவற்றின் பெருந்தொகுதிகள் எரிந்துபோயின. உலர்தாவரக் களஞ்சியம் வேறொரு கட்டடத்தில் இருந்தமையால் உய்ந்தது. பெர்லின் எரிந்து எழுபத்தைந்து ஆண்டுகள் கழிந்தும், போரில்லாத காலத்தும், இடர் வரும் என்பதற்கு இது சான்று.

உலர்மாதிரிகளின் சீட்டுகளைப் படித்துத் தரவுத்தளத்தில் எழுதும் பணியில் இன்று பல நாடுகளில் பொதுமக்களும் மாணவரும் பங்குகொள்கின்றனர். வீட்டிலோ பள்ளியிலோ அமர்ந்து, திரையில் தோன்றும் பழைய கையெழுத்தைப் படித்து, ஊரும் நாளும் எண்ணும் எழுதுகின்றனர். ஒரு நூறாண்டுக்கு முன் ஒருவர் ஒரு மலையில் எந்த நாளில் எந்த மலரைக் கண்டார் என்பது இதனால் வெளிப்படுகின்றது. அந்நாளை இக்காலத்துப் பூக்கும் நாளோடு ஒப்பிட்டு, வெப்பம் மிகுதலால் செடிகள் முன்னரே பூக்கின்றனவா என்றும் அறிஞர் ஆராய்கின்றனர். சீட்டில் நாளைக் குறித்தவர் இப்பயனைக் கனவிலும் கருதியிரார். தாம் செய்யவேண்டியதைப் பிழையறச் செய்தார், அவ்வளவே.

மாக்பிரைடும் அவ்வாறே செய்தார். ஓர் எண்ணைச் சரியாக எழுதுதலும், ஒரு படத்தை உரிய பதிவோடு இணைத்தலும் காண்பார்க்குச் சிறிய தொழிலாகத் தோன்றலாம். எந்த எண் எந்நாளில் எவர்க்கு வழிகாட்டும் என்பதை எழுதுங்காலத்தில் எவரும் அறியார். ஆதலின், ஒவ்வோர் எண்ணையும் வழிகாட்டப்போகும் எண்ணாகவே கருதி எழுதுதல் கற்றார் கடனாகும்.